நீதிமன்றக் காவல் என்றால் காவல் நீதிமன்றத்தினுடையது

வாசகி ஒருவரின் கடிதம் இது. பெயர், தெரு, சிறை, வழக்கு எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். சில வரிகளைச் சுருக்கியிருக்கிறேன்.

"வடசென்னையில் ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் தையல் வேலை செய்கிறேன். அப்பா இல்லை. தம்பிக்கு 19 வயது. கைப்பேசி பறிப்பு வழக்கில் நண்பனோடு சேர்த்துக் கைது செய்தார்கள். இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. சிறைக்குப் போய் இன்றோடு 52 நாள். முதல் இரண்டு முறை மனு பார்த்தபோது, அதாவது சிறைக்குப் போய் அவனைச் சந்தித்தபோது, அழுதான், வீட்டைப் பற்றி விசாரித்தான். கடைசி இரண்டு முறை அழவில்லை. இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரை பொத்தானை மாட்டியிருந்தான். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே பேசினான். 'அக்கா, எப்படியாவது என்னை வேறு பிளாக்குக்கு மாற்றச் சொல்லு' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஏன் என்று கேட்டால் பின்னால் திரும்பிப் பார்க்கிறான். அதே பிளாக்கிலிருந்து ஜாமீனில் வந்த பையன் ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்து, பழைய கைதி ஒருவர் தம்பியை 'வைத்திருக்கிறார்' என்றும், இரவில் தொந்தரவு செய்கிறார் என்றும், வார்டருக்கும் தெரியும் என்றும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அம்மாவிடம் சொல்லவில்லை. தாய்மாமாவிடம் சொன்னேன். 'ஆண் பிள்ளைதானே, என்ன ஆகிவிடப் போகிறது? வெளியே சொன்னால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?' என்கிறார். புகார் கொடுத்தால் உள்ளே இன்னும் கொடுமைப்படுத்துவார்களோ என்று பயமாக இருக்கிறது. இலவச சட்ட உதவி வக்கீல் இருக்கிறாராம், நான் அவரைப் பார்த்ததில்லை. என்ன செய்வது என்று சொல்லுங்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி உங்களிடம் சொல்லிவிட்டான் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். சிறைக்குள் இருக்கும் ஓர் ஆண் இந்தக் கொடுமையைப் பற்றி வாய் திறந்தால் பெரும்பாலும் "வேறு பிளாக்குக்கு மாற்றச் சொல்லு" என்ற இந்த ஒரு வாக்கியம்தான் வெளியே வரும். அதற்கு மேல் அவன் சொல்லட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பையனிடம். பல வருடங்களுக்கு முன்பு சட்ட உதவி வழக்கறிஞராக ஒரு சிறைக்குப் போயிருந்தேன். அவனுக்கு இருபது வயது இருக்கும். ஜாமீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நான்காக மடித்த ஒரு பிஸ்கட் உறையை மேசையின் மேல் என் பக்கம் மெதுவாகத் தள்ளினான். உறையின் உள்பக்கம் வெள்ளி நிறம். அதில் பேனா பிடிக்காது, ஈர்க்குச்சியால் கீறியிருந்தான். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரிந்தது: "செல் மாற்றவும்." புதிதாக வந்தவனுக்குக் கழிப்பறை ஓரத்தில்தான் படுக்க இடம் கிடைக்கும், அதுதான் அவன் குறை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் மனுப் போடலாம் என்று கோப்பில் குறித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் போனபோது அவன் சிறை மருத்துவமனையில் இருந்தான். அந்த ஏழு இரவுகளும் என் கணக்கில்தான் இருக்கின்றன. உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

இனி செய்ய வேண்டியவை. உங்கள் தம்பி விசாரணைக் கைதி, அதாவது வழக்கு முடியாமல் உள்ளே இருப்பவன். தாள்களில் அவன் "நீதிமன்றக் காவலில்" இருப்பதாக எழுதியிருக்கும். நாம் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லி அதன் பொருளை மறந்துவிட்டோம். அவனைக் காவலில் வைத்திருப்பது நீதிமன்றம். சிறை அந்த நீதிமன்றத்தின் சார்பில் அவனை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம், அவ்வளவுதான். நகையை அடகு வைத்தால் அது பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை இருப்பதைப் போல, அவன் பத்திரமாக இருக்கிறானா என்று கேட்க நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. சிறை அலுவலகத்தின் வாசலில் மட்டும் நின்று கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். அவனை ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட, நடுவரிடம் (மாஜிஸ்திரேட்டிடம்) போங்கள்.

அங்கே கேட்க வேண்டிய முதல் விஷயத்துக்கு எந்தச் சாட்சியும் தேவையில்லை. 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம், பிரிவு 27, 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண் கைதிகளை மற்றவர்களிடமிருந்து முழுவதுமாகப் பிரித்து வைக்க வசதி இருக்க வேண்டும் என்கிறது. விசாரணைக் கைதிகளைத் தண்டனைக் கைதிகளோடு சேர்த்து வைக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கே தெரிந்திருந்தது, பத்தொன்பது வயதுப் பையனைப் பழைய கைதியோடு ஒரே கூரையின் கீழ் படுக்கவைத்தால் என்ன நடக்கும் என்று. யார் என்ன செய்தார் என்று நிரூபித்த பிறகுதான் பிளாக் மாற்றம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "என் தம்பிக்கு 19 வயது, சட்டப்படி பிரித்து வையுங்கள், அவன் உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து இருக்கிறது" என்பதே போதுமான மனு. பாலியல் என்ற சொல்லை அதில் எழுதுவதா வேண்டாமா என்பதை உங்கள் தம்பி முடிவு செய்யட்டும். பாதுகாப்பு கேட்க அவன் அனுமதி தேவையில்லை. ஆனால் அவனுக்கு நேர்ந்ததை ஊருக்குச் சொல்வது அவனுடைய உரிமை. ஏற்கெனவே அவனிடமிருந்து நிறையப் பறித்துவிட்டார்கள். இந்த முடிவையும் நாம் அவன் கையிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது.

அவனிடம் யார் கேட்பது? நீங்கள் கேட்காதீர்கள், அதிலும் மனு பார்க்கும் இடத்தில் கேட்கவே கேட்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் காதில் விழும், பின்னால் காவலர் நிற்பார். "உன்னை ஏதாவது செய்கிறார்களா?" என்று நீங்கள் சத்தமாகக் கேட்ட கேள்வி அன்று மாலைக்குள் பிளாக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே மூன்று வார்த்தைகளை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்: "நான் நம்புகிறேன். உன் மேல் தப்பில்லை. வக்கீல் வருவார்." அவனுக்குப் புரியும்.

வழக்கறிஞர்தான் கேட்க வேண்டும். அதே சிறைச் சட்டத்தின் பிரிவு 40, விசாரணைக் கைதி தன் வழக்கறிஞரை வேறு எவரும் உடன் இல்லாமல் சந்திக்க இடம் தருகிறது. காவலர் பார்வை படும் தூரத்தில் நிற்கலாம், காது கேட்கும் தூரத்தில் நிற்க வேண்டியதில்லை. உங்கள் தம்பிக்கு ஒதுக்கப்பட்ட சட்ட உதவி வழக்கறிஞர் யார் என்பதை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, காவலில் இருப்பவர் எவராக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் பெறத் தகுதியுள்ளவர். வருமானச் சான்றிதழ் கொண்டுவா என்று கேட்டால் தேவையில்லை என்று சொல்லுங்கள். அந்த வழக்கறிஞர் சிறைக்குப் போக மனமில்லாதவராகத் தெரிந்தால் வேறொருவரைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். தயங்க வேண்டாம், அது யாரையும் அவமதிப்பதாகாது.

வழக்கறிஞரிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள். 'பாலியல் வன்கொடுமை' என்ற சொல்லோடு பேச்சைத் தொடங்கினால் எந்தப் பையனும் "அப்படி ஒன்றும் இல்லை சார்" என்றுதான் சொல்வான். 'தொந்தரவு' என்பதுதான் உள்ளே புழங்கும் சொல். "இரவில் எங்கே படுக்கிறாய்? பக்கத்தில் யார்? யாருக்காவது ஏதாவது பாக்கி இருக்கிறதா? யாராவது தொந்தரவு செய்கிறார்களா?" இப்படிப் படிப்படியாகப் போக வேண்டும். பாக்கியைப் பற்றிக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே இந்தக் கொடுமை பல நேரங்களில் அடியோடு தொடங்குவதில்லை, அன்போடு தொடங்குகிறது. முதல் நாள் சோப்பு, இரண்டாம் நாள் பிஸ்கட், மூன்றாம் நாள் மின்விசிறிக்குக் கீழே படுக்க இடம், "இவன் நம்ம பையன், யாரும் தொடாதே" என்று ஒரு பாதுகாப்பு. பிறகு ஓர் இரவு, கொடுத்ததற்கெல்லாம் கணக்கு கேட்கப்படும். வீட்டிலிருந்து யாரும் வராத பையன், பணம் இல்லாத பையன், முதல் முறை உள்ளே வந்த பையன், ஒல்லியான பையன் ஆகியோரைத் தேடித்தான் இந்தக் கை நீளும். அவனது கேன்டீன் கணக்கில் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் ஆகிற சிறு தொகை எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். யாரிடமும் எதையும் வாங்காதே என்று சொல்லி அனுப்புவதைவிட வாங்கத் தேவையில்லாமல் செய்வது மேல். வாரந்தோறும் தவறாமல் மனு பார்க்க வருகிற வீடு இருக்கிறது என்று பிளாக்கில் தெரிவதே அவனுக்கு ஒரு வேலி.

'வைத்திருக்கிறார்' என்று அந்தப் பையன் சொன்ன சொல்லைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அதற்குள் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. இவனும் இசைந்துதான் இருக்கிறான் என்று கேட்பவரை நினைக்கவைக்கிற பொய் அது. நீ எங்கே படுக்கலாம், எப்போது தண்ணீர் பிடிக்கலாம், யார் உன்னை அடிக்கலாம் என்பதையெல்லாம் ஒருவன் தீர்மானிக்கிற இடத்தில் இசைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. பயத்தில் உடல் மரத்துப்போவதும் வாய் அடைத்துப்போவதும் இயற்கை. ஏன் கத்தவில்லை என்று யாரும் அவனைக் கேட்கக் கூடாது. பின்னாளில் உங்கள் மாமா கேட்டால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள்.

மருத்துவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதில் மணிக்கணக்கு முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை நிகழ்வு நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது கிடைக்கிறது. கடைசியாக எப்போது நடந்தது என்று வழக்கறிஞர் தம்பியிடம் கேட்டே ஆக வேண்டும், அது சங்கடமான கேள்வியாக இருந்தாலும். அந்த நேரம் கடந்துவிட்டிருந்தாலும் பரிசோதனையைக் கைவிட வேண்டாம். காயத்தின் தழும்பு, மற்ற பால்வினைத் தொற்றுகள், மனநிலை எல்லாமே பார்க்கப்பட வேண்டியவை, பதிவாக வேண்டியவை. அன்று போட்டிருந்த உடையைத் துவைக்காமல் வைத்திருந்தால் அதைக் காகித உறையில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். பரிசோதனை சிறைக்கு வெளியே, அரசு மருத்துவமனையில் நடக்க வேண்டும் என்று மனுவில் கேளுங்கள். சிறை மருத்துவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்பதால் இதைச் சொல்லவில்லை, அவர்களில் நல்லவர்களை நான் அறிவேன். ஆனால் சிறைக்குள் எழுதப்படும் ஒவ்வொரு தாளும் யார் மேசை வழியாகப் போகிறது என்பதையும் அறிவேன். கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள், துன்புறுத்தலின் அடையாளத்தைக் காணும் சிறை மருத்துவர் அதைப் பதிவு செய்து உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. உங்கள் வழக்கறிஞர் அதையும் சுட்டிக்காட்டலாம்.

இப்போது கசப்பான ஒரு செய்தி. உங்களிடம் மறைப்பது சரியில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், வயது வந்த ஓர் ஆண் மீது நடத்தப்படும் பாலியல் வன்கொடுமைக்கென்று தனிப் பிரிவு இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு அந்த வேலையைச் செய்துவந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவிலிருந்து வயது வந்தோர் மனமொத்துச் செய்வதை மட்டும் விலக்கியது. வலுக்கட்டாயத்தை அது விலக்கவில்லை. புதிய சட்டம் பிரிவு முழுவதையும் விட்டுவிட்டது. மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு, இசைவில்லாத செயல்களுக்காக அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. ஏற்கப்படவில்லை. இது பெரிய ஓட்டை, இதனால் பாதிக்கப்படுவோரில் உங்கள் தம்பியைப் போன்ற ஏழைப் பையன்கள்தான் அதிகம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஓட்டை இருக்கிறது என்பதற்காக வழியே இல்லை என்று ஆகிவிடாது. காயப்படுத்துதல், கொடுங்காயம், சட்டவிரோதமாக அடைத்து வைத்தல், குற்றமுறு மிரட்டல், பணம் பறித்தல் ஆகிய பிரிவுகள் எல்லாம் ஆணுக்கும் பொருந்தும். எந்தப் பிரிவு பொருந்தும் என்று தேடிக்கொண்டு நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுப்பது மட்டும் உங்கள் வேலை. இவற்றில் சில பிரிவுகளில் போலீசார் தாமாக வழக்குப் பதிய முடியாது, அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். நேராக நடுவரிடம் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெண் கைதிகள் விஷயத்தில் சட்டம் இவ்வளவு கைவிடவில்லை. சிறை நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் கைதியான ஒரு பெண்ணை வன்கொடுமை செய்தால், நாடாளுமன்றம் இயற்றியபடி குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். அந்தப் பெண் இசையவில்லை என்று சொன்னால் நீதிமன்றம் அதையே அனுமானமாகக் கொள்ள வேண்டும். பதவியைப் பயன்படுத்தி மயக்கி இணங்கவைத்தால் அதற்கும் தனிப் பிரிவு, 5 முதல் 10 ஆண்டு வரை. காவலில் இப்படி நடந்ததாகப் புகார் வந்தால் போலீஸ் விசாரணையோடு நடுவரின் விசாரணையும் நடந்தாக வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் ஆணோ பெண்ணோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். சிறை, சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லம் போன்ற இடங்களின் ஊழியரே செய்திருந்தால் குறைந்தது 20 ஆண்டு. தெரிந்தும் சொல்லாமல் இருந்தவரும் தண்டனைக்கு உள்ளாவார். குழந்தைகளுக்கு உதவி எண் 1098. திருநங்கையர் நிலை மிக மோசம். அவர்கள் மீதான பாலியல் கொடுமைக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் விதிப்பது 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை மட்டுமே. ஒரே குற்றத்துக்கு, பாதிக்கப்பட்டவர் யார் என்பதைப் பொறுத்துத் தண்டனை இப்படிச் சுருங்கலாமா என்று நான் கேட்காத கூட்டமில்லை.

வயதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. தம்பியின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். வழக்கில் சொல்லப்படும் சம்பவத்தன்று அவனுக்கு 18 நிரம்பவில்லை என்றால், அவன் அந்தச் சிறையில் இருக்கவே கூடாது. சிறார் என்ற கோரிக்கையை வழக்கின் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம். கைது செய்தபோது வாயால் சொன்ன வயதை எழுதிக்கொண்டு போன வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். புகார் கொடுத்தால் இன்னும் கொடுமைப்படுத்துவார்களா? அந்தப் பயம் பொய்யில்லை. பழிவாங்குதல் நடக்கிறது. ஆனால் அது எந்தப் புகாருக்குப் பிறகு நடக்கிறது என்று பாருங்கள். வாயால் சொன்ன புகாருக்குப் பிறகு நடக்கும், வார்டரிடம் ரகசியமாகச் சொன்னதற்குப் பிறகு நடக்கும், சிறை அலுவலகத்தில் கண்ணீர் விட்டுவிட்டுத் தாள் எதுவும் கொடுக்காமல் திரும்பியதற்குப் பிறகு நடக்கும். நீதிமன்ற முத்திரையோடு, தேதியோடு ஒரு மனு இருந்து, அதன் நகல் சிறைக் கண்காணிப்பாளருக்கும், எழும்பூரில் இருக்கும் சிறைத்துறைத் தலைமையகத்துக்கும், மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போயிருந்தால், அதற்குப் பிறகு அவன் உடலில் விழும் ஒவ்வொரு கீறலுக்கும் ஒருவர் பெயர் சொல்லிப் பதில் சொல்ல வேண்டிவரும். உள்ளே இருப்பவர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுவதானால் ஓராண்டுக்குள் எழுத வேண்டும். தள்ளிப்போடாதீர்கள்.

மனுக் கொடுத்த பிறகு இரண்டு தந்திரங்களை எதிர்பாருங்கள். ஒன்று, 'பாதுகாப்புக்காக' என்று தம்பியைத் தனிச் செல்லில் பூட்டிவிடுவார்கள். நாள் முழுவதும் தனியாக அடைபடுவது அவனுக்கு இரண்டாவது தண்டனை. மாற்ற வேண்டியது தொந்தரவு செய்தவரை. தம்பியை மாற்றுவதானால் அவன் வயதுப் பையன்கள் இருக்கும் இடத்துக்கு மாற்றட்டும், ஏற்கெனவே அவன் பெற்றுவந்த எந்தச் சலுகையும் குறையக் கூடாது. இரண்டு, "எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை, அக்கா தவறாகப் புரிந்துகொண்டார்" என்று அவனிடமே எழுதி வாங்கிவிடுவார்கள். அதனால் அவனைக் காணொலி வழியாக இல்லாமல் நேரில் ஆஜர்படுத்தும்படி மனுவில் கேளுங்கள். காணொலியில் ரிமாண்ட் நீட்டிப்பு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். திரையில் தெரிகிற பையன், பக்கத்தில் நிற்கிற ஆள் கேட்கும்படி என்ன சொல்ல முடியும்? நடுவரின் அறையில், வழிக்காவல் போலீசார் கதவுக்கு வெளியே நிற்க, அவன் உட்கார்ந்து பேச வேண்டும்.

இந்த நாட்டில் ஒரு கைதியின் குரலை இப்படிக் கேட்கலாம் என்று காட்டிய வழக்கு ஒரு கடிதத்தில்தான் தொடங்கியது. டெல்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவரின் ஆசனவாயில் சிறைக் காவலர் ஒருவர் தடியைச் செலுத்திச் சித்திரவதை செய்ததாக உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு எழுதினார். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக ஏற்றது. 1979 டிசம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு, சிறைகளில் குறைதீர் பெட்டிகள் இருக்க வேண்டும், அவை மாவட்ட ஆட்சியர், மாவட்ட நீதிபதி பொறுப்பில் திறக்கப்பட வேண்டும், நீதிபதிகள் சிறைக்குள் வந்து கைதிகளின் குறைகளைத் தனியே கேட்க வேண்டும், நியமிக்கப்பட்ட வழக்கறிஞர்கள் ரகசியமாகப் பேச வசதி தர வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவர் எழுதவில்லை, பக்கத்தில் இருந்தவர் எழுதினார் என்பதைக் கவனியுங்கள். உங்கள் வீடு தேடி வந்து சொன்ன அந்தப் பையனும் அப்படிப்பட்டவன்தான். அவனுக்கு நன்றி சொல்லுங்கள். சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவன் பெயரை மனுவில் எழுதாதீர்கள், அவனுக்கும் வழக்கு நிலுவையில் இருக்கிறது.

புகார் வருவதற்கு முன்பே தடுப்பது எப்படி என்று சிறைத்துறையினர் சிலர் என்னிடம் உண்மையான அக்கறையோடு கேட்டதுண்டு. அமெரிக்காவில் 2003-இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2012-இல் வந்த அதன் விதிகளில் மூன்று என் மனதில் நிற்பவை. புதிதாக வந்தவர் எளிதில் பலியாகக்கூடியவரா என்று 72 மணி நேரத்துக்குள் கேட்டறிந்து அதற்கேற்ப இடம் ஒதுக்குவது, வெளியில் இருக்கும் உறவினரும் புகார் கொடுக்க வழி வைப்பது, புகார் கொடுத்தவர் பழிவாங்கப்படுகிறாரா என்று குறைந்தது 90 நாள் கண்காணிப்பது. அங்கேயும் கொடுமை ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் முதல் விதிக்குச் செலவே இல்லை. புதுக் கைதி வந்ததும் உடலில் உள்ள காயங்களைக் குறித்துக்கொள்ளும் நடைமுறை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே மேசையில், "இது முதல் முறையா? யாரையாவது கண்டு பயமா?" என்று இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்டிருந்தால், உங்கள் தம்பி அந்தப் பிளாக்குக்குப் போயிருக்க மாட்டான்.

எல்லாவற்றையும்விட நல்ல பாதுகாப்பு அவன் வெளியே வருவதுதான். கைப்பேசி பறிப்புக்குப் புதிய சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. வேறு கடுமையான பிரிவு சேர்க்கப்படவில்லை என்றால், ரிமாண்ட் செய்து 60 நாள் முடிந்தும் போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் அவன் உரிமை. இன்றைக்கு 52 நாள் என்கிறீர்கள். ஜாமீன் மனுவை இப்போதே தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும் என்பதால் ஒரு நாள் தாமதம்கூடப் பெரிய இழப்பு. அதற்கு முன்பே சாதாரண ஜாமீன் கேட்கலாம். முதல் வழக்கு, 19 வயது, உள்ளே ஆபத்து என்று எடுத்துச் சொன்னால் காது கொடுக்கும் நடுவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் மாமாவிடம் நான் பேச முடியாது, நீங்கள் பேசலாம். ஆண் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்டதற்குப் பதில்: தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது, யாராவது தோளைத் தொட்டால் உடல் அதிரும், உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றும். வெளியே வந்த பிறகு குடியில் விழுந்தவர்களையும், காரணம் சொல்லாமல் வீட்டை விட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். மீண்டு வந்து, திருமணம் செய்துகொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது வகையினர் வீட்டில் யாராவது ஒருவர் அவர்களை நம்பினார்கள். தம்பி வந்ததும் கேள்வி கேட்காதீர்கள். கதவுப் பக்கம் படுக்க வேண்டும் என்றால் விடுங்கள், விளக்கை எரியவிடச் சொன்னால் விடுங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாக, தமிழிலேயே கிடைக்கும். அவனுக்கு மட்டுமில்லை, இதை ஒற்றையாகச் சுமந்துகொண்டிருக்கும் உங்களுக்கும்தான்.

நடுவரிடம் கொடுக்க வேண்டியதை எழுதித் தருகிறேன். வழக்கறிஞர் கிடைக்க ஒரு நாள் தாமதமானாலும் நீங்களே கையெழுத்திட்டுக் கொடுக்கலாம்:

"தங்கள் உத்தரவுப்படி இன்ன தேதியிலிருந்து நீதிமன்றக் காவலில் இருக்கும் என் தம்பிக்கு வயது 19. இன்ன தேதியில் நான் அவனைச் சந்தித்தபோது, தன்னை வேறு பிளாக்குக்கு மாற்றும்படி கெஞ்சினான். அவன் உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து இருப்பதாக அறிகிறேன். சிறைச் சட்டம் பிரிவு 27-இன்படி அவனைத் தன் வயதினரோடு உடனே பிரித்து வைக்கவும், தங்கள் முன் நேரில் ஆஜர்படுத்தித் தனியாக விசாரிக்கவும், சிறைக்கு வெளியே அரசு மருத்துவமனையில் அவன் இசைவோடு பரிசோதிக்கவும், அவனைத் தனிமைச் செல்லில் அடைக்காதிருக்கவும் உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன்."

குற்ற எண்ணையும் காவல் நிலையத்தின் பெயரையும் மேலே எழுதுங்கள். நான்கு நகல் எடுங்கள், மூன்று மேலே சொன்ன மூன்று இடங்களுக்கு, ஒன்று உங்களுக்கு. உங்கள் நகலில் நீதிமன்ற அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் சண்டை போடாமல், அதே மனுவை அன்றே ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை மனு பார்க்கப் போகும்போது அந்த முத்திரையிட்ட நகலைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவன் பார்க்கும்படி பிடித்துக் காட்டுங்கள். பேச வேண்டாம், அவன் படித்துக்கொள்வான்.